ஓய்வுக்குப் பின் ஒரு படைவீடு



சில சொற்கள் காலத்தின் கொடுமையால் தமது பொருளை மாற்றிக்கொள்வதுண்டு. 'முகாம்' என்பது அத்தகையதொரு சொல். அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவது ஒன்றில் அகதி முகாம், அல்லது இராணுவ முகாம். 'கூடாரம்' என்றாலோ 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரங்களிலும், 2009இல் வவுனியாவிலும் வரிசை வரிசையாக நின்ற வெள்ளைக் கூடாரங்களே நினைவுக்கு வரும். ஆகவே, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தாமாக விரும்பிக் காட்டிலே தங்குவதைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்றால், "மாஸ்ரருக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயமும் உண்டு. எனினும் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நமது இலக்கியத்துக்கு இது புதிய விடயமன்று. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. அதன் பெரும்பகுதி காட்டாற்றங்கரையில் அமைந்த ஒரு பாசறையைக் காட்டுகின்றது. போர்ப் பாசறை என்றால் வெற்றி முழக்கத்தையும் வீர வசனங்களையும் எதிர்பார்ப்போம். புலவரோ வேறு எவற்றையெல்லாமோ பார்க்கிறார். கரும்பைத் தின்னாது அடம்பிடிக்கும் யானை. அதனை வடசொல்லால் அதட்டும் பாகர். அணைந்த விளக்கிலே மீண்டும் நெய் வார்த்துத் திரி கொளுத்தும் பெண்கள். தூக்கக் கலக்கத்தில் காற்றிலாடும் பூங்கொடிபோல் அசையும் காவலர். பாத்திரத்தில் வடியும் நீரைக் கொண்டு நாழிகை கணித்துச் சொல்வோர். அரசனுக்கோ உறக்கமில்லை. புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்து உணவை மறுத்து நிற்கும் குதிரைகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பல்கலைக்கழகத்தில் இதனைப் பரீட்சைக்காகப் படித்தேன். புள்ளியும் பெற்றேன். ஆனால் ஒரு புலவர் தமது சிறிய பாட்டிலே விளக்குத் திரிக்கும் யானையின் தீனுக்கும் ஏன் இத்தனை இடம் ஒதுக்கினார் என்பது விளங்கவில்லை. அதை எனக்கு விளக்கியவர் எந்த விரிவுரையாளருமல்லர். ஓய்வுபெற்ற தபாலதிபரான என் பெரியப்பாதான்.

பெரியப்பா மணிக்கூட்டோடு பிறந்தவர் என்று வீட்டிலே பகிடி பண்ணுவோம். தபால் பை கட்டும் நேரம், கணக்கு முடிக்கும் நேரம், முத்திரைகளை எண்ணிப் பூட்டும் நேரம் என்று அவருடைய வாழ்வு நிமிடக் கணக்கில் ஓடியது. அறுபது வயதில் ஓய்வுபெற்றார். அதற்கு முன்னரே பெரியம்மா காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஓய்வின் முதல் வருடம் அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவன். காலையிலே வழமைபோல வெளிக்கிட்டு, விறாந்தையில் கதிரை போட்டு இருந்துகொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பார். நேரம் நிறைய இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஓய்வு என்பது நேரத்தைத் தரும். அந்த நேரத்தை வாழும் பக்குவத்தைத் தானாகவே தந்துவிடாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

பின்னர் யாரோ சொல்லிக் கதிர்காமப் பாதயாத்திரைக்குச் சென்றார். அதன் பிறகு வருடந்தோறும் போகலானார்.

இந்த யாத்திரையைப் பற்றி அறியாத இளையோருக்காகச் சில வார்த்தைகள். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாகக் கிழக்குக் கரையோரமாக நடந்து உகந்தை முருகன் ஆலயத்தை அடைவர். ஒன்றரை மாதத்துக்கும் மேலான நடை இது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கும் நடை தடைப்பட்டிருந்தது. உகந்தைக்கு அப்பால் குமண, யால வனங்கள். ஆடிவேல் விழாவையொட்டிக் காட்டுப்பாதை திறக்கப்படும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என இடங்கள்தோறும் தங்கித் தங்கி ஐந்தாறு நாட்களில் கதிர்காமத்தை அடையலாம். இவ்வாறு நடப்போரில் ஓய்வுபெற்றவர்கள் கணிசமானோர். பென்சனியரானாலும் விவசாயியானாலும் அங்கே எல்லாருக்கும் 'சாமி' என்ற ஒரே பெயர்தான். முருகனுடைய தலங்களைப் படைவீடு என்கிறோமே, அச்சொல்லின் பொருளும் பாசறை என்பதே ஆகும்.

2018ஆம் ஆண்டு லீவு எடுத்துக்கொண்டு உகந்தையிலிருந்து நானும் அவரோடு நடந்தேன். குமுக்கன் ஆற்றங்கரையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரு கரையிலும் பெரிய மருத மரங்கள். சிங்களத்தில் அம்மரத்துக்குக் 'கும்புக்' என்று பெயர். மரத்தடியில் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டுத் தறப்பாளை விரித்தோம். கரடி, யானைப் பயத்துக்காக நெருப்பு மூட்டினார்கள். நான் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பெரியப்பா சிரித்தார்.

"தம்பி, உந்த மணிக்கூட்டைக் கழட்டிப் பையுக்கை வை. இஞ்சை ஒருத்தரும் தபால் பை கட்டப் போறதில்லை."

பின்னர் ஆற்று மணலிலே கையால் ஓர் ஊற்றுத் தோண்டினார். முதலில் கலங்கல் நீர் ஊறியது. அதை இறைத்து வெளியே ஊற்றினார். மறுபடியும் கலங்கல். மறுபடியும் இறைத்தார். பின்பு கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார். மெல்ல மெல்ல நீர் தெளிந்தது. அந்த நீரிலே கொதிக்கவைத்த தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். வழியில் பொறுக்கிய பாலைப்பழங்கள் கொஞ்சம் இருந்தன. பிசுபிசுத்த பாலோடு உதட்டில் ஒட்டும் இனிப்பு. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவ்வளவு முழுமையாக நான் அதற்கு முன் குடித்ததில்லை.

இரவு நெடுநேரம் அவர் உறங்கவில்லை. "படுக்க இல்லையோ?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்:

"தொண்ணூற்றைஞ்சிலை தென்மராட்சிக்கு ஓடினமெல்லே. அண்டைக்கும் உப்பிடித்தான் ஒரு மரத்தடி. மழை. தறப்பாளைக் கட்டிப்போட்டு, அரிசி எத்தினை நாளுக்குக் காணும் எண்டு நான் கணக்குப் பாத்துக்கொண்டிருந்தன். உன்ரை பெரியம்மா பக்கத்திலை இருந்து என்னவோ சொன்னவ. 'பொறு, பிறகு கேக்கிறன்' எண்டனான். பிறகு கேக்கவேயில்லை. அவவும் போய்ச் சேந்திட்டா. என்ன சொன்னவவோ!"

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதே மாமரத்தின் மறுபக்கத்தில் பதினைந்து வயதுச் சிறுவனாக நானும் நனைந்துகொண்டு நின்றவன். அன்று பெரியப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று. இன்று அதே வயதையும் தாண்டி நிற்கும் நான், என் மனைவியும் பிள்ளைகளும் ஏதாவது சொல்ல வந்தால் விடைத்தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "பொறுங்கோ" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த ஆற்றங்கரையில் எனக்கும் உறக்கம் வரவில்லை.

நேயர்களே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரும்பிப் போகும் கூடாரமும் விரட்டப்பட்டுச் சேரும் கூடாரமும் ஒன்றல்ல. பின்னதிலே சின்னச் சின்ன இன்பங்களைத் தேடு என்று அறிவுரை கூறுவது இரக்கமற்ற செயலாகும். திரும்பிப் போக வீடு உண்டு என்ற உறுதி இருந்தால்தான் மனிதனுக்கு மரத்தடி இனிக்கும். பெரியப்பா அன்று அரிசிக் கணக்குப் பார்த்தது குற்றமன்று. அது குடும்பத் தலைவனின் கடமை. ஆனால் அன்று கேட்க முடியாமற் போனதை, ஓய்வின் காலத்தில் அதே போன்ற ஒரு மரத்தடியில் இருந்து அவர் கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்.

வீட்டிலே இருந்து பழகினால் என்ன என்று கேட்கலாம். பழகலாம்; ஆனால் கடினம். தங்குமிடம் தற்காலிகமானதாக இருக்கும்போது மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. முதலாவது, பொருட்கள் குறைந்துவிடுவதால் இருக்கும் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகின்றது. வீட்டிலே பத்துக் கோப்பைகள், அங்கே ஒன்று. இரண்டாவது, எதுவும் தானாக வருவதில்லை. குழாயைத் திறந்தால் வரும் நீருக்கும், காத்திருந்து தெளிய வைத்த நீருக்கும் சுவை வேறு. மூன்றாவது, நாளை விடிந்தால் இவ்விடத்தை விட்டுப் போகவேண்டும் என்பது தெரியும். முடியப்போகும் ஒன்றையே மனம் ஊன்றிப் பார்க்கின்றது. நப்பூதனார் பாசறையில் விளக்குத் திரியைக் கண்டதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்றே எனக்குப் படுகின்றது.

முதுமையை நமது முன்னோர் வெறும் தேய்வாகக் கருதவில்லை. காதலும் இல்லறமும் கனிந்த பின், சுற்றத்தோடு கூடிச் சிறந்தவற்றைப் பயில்வதே கழிந்த வாழ்வின் பயன் என்னும் கருத்தைத் தொல்காப்பியர் கற்பியலிலே வைத்திருக்கிறார். பயில்தல் என்பது அங்கே முக்கியமான சொல். ஓய்வு என்பது படிப்பு முடிந்த நிலையன்று. இன்னொரு வகுப்பின் தொடக்கம்.

ஆயினும் அந்த வகுப்பில் சேர அறுபது வயது வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எல்லோராலும் காட்டுக்குப் போகவும் முடியாது. மாதத்தில் ஓரிரவு முற்றத்திலே பாயை விரித்துப் படுத்தாலும் போதும். கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரை அவசரமின்றி அள்ளினாலும் போதும்.

பெரியப்பா இப்போது நெடுந்தூரம் நடப்பதில்லை, முழங்கால் இடங்கொடுப்பதில்லை. மாலையில் நான் போனால் விறாந்தையில் இருப்பார். சுவர் மணிக்கூடு நின்று பல மாதங்களாகிவிட்டன. அவர் அதற்குப் பற்றரி போடவில்லை. கடந்த கிழமை நான் போய் அவசரமாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இரு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஆறுதலாச் சொல்லு" என்றார். சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

வீடு திரும்பியதும் விடைத்தாள்களை மூடிவைத்துவிட்டு, "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன நடந்தது?" என்று மகளிடம் கேட்டேன். அவள் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.