நாய் பாய்ந்து வந்தால் ஓடலாமா?

மாமல்லபுரம் கடற்கரையில், மீன்பிடி படகுகள் கரையேறும் இடத்தருகே, உங்கள் நாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன் கிடைக்கும் இடத்தைத் தன் எல்லையாகக் கருதும் நாய் ஒன்று 20 மீட்டர் தொலைவிலிருந்து உறுமிக்கொண்டு பாய்ந்து வருகிறது. ஓடலாமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் விநாடிக்கு 5 மீட்டரும், நாய் 10 மீட்டரும் ஓடுவதாகக் கொண்டால், இடைவெளி விநாடிக்கு 5 மீட்டர் குறையும். நான்கே விநாடியில் நாய் உங்களைப் பிடித்துவிடும்! மேலும், நாயின் கண்ணுக்கு அசையும் பொருளே எளிதில் புலப்படும். ஓட்டம் அதன் துரத்தும் இயல்பைத் தூண்டிவிடும்.

ஆகவே, நில்லுங்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, குட்டியை உங்கள் கால்களுக்குப் பின்னால் நிறுத்துங்கள். நாயின் கண்களை உற்றுப் பார்க்காதீர்கள், கத்தாதீர்கள். பையையோ குடையையோ குறுக்கே பிடித்தபடி, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். தன் எல்லையைவிட்டு நீங்கள் விலகியதும் நாய் பெரும்பாலும் நின்றுவிடும்.

கடித்துவிட்டால்? உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். வெறிநோய் வைரசின் மேலுறையில் கொழுப்பு உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். பிறகு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தாமதமின்றிச் செல்லுங்கள். சிறு கீறலானாலும் வீட்டில் மறைக்காதீர்கள். நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக் காப்பாற்றலாம் என்று 1885இல் லூயி பாஸ்டர் காட்டினார். நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டது.

உங்கள் குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். அதுவரை தெருநாய்கள் கூடும் இடங்களுக்கு அதை அழைத்துச் செல்லாதீர்கள்.