வினாவும் முன்முடிபும்: விண்கலக் கதைகள் இரண்டில் கொலை வினவல்

கொலையொன்று நிகழ்ந்தவிடத்து முதற்கண் எழுவது வினாவாகும். யார் செய்தார், ஏன் செய்தார், எவ்வாறு செய்தார் என வினவாது நீதி ஓரடியும் எடுத்து வைத்தல் இயலாது. எனினும், வினவுவார் ஒரு நாட்டினராகவும் வினவப்படுவார் அந்நாட்டின் பகைப்புலத்தினராகவும் அமைந்துவிடின் வினாவின் இயல்பே திரிந்துவிடுகின்றது. விடையை நெஞ்சில் வைத்துக்கொண்டே வினவும் நிலை அங்குத் தோன்றுகின்றது. இத்திரிபினை நன்கு விளக்கும் கதைகள் இரண்டினை அமெரிக்க நாட்டு ஸ்டார் டிரெக் தொகுதியினின்றும் எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திரைப்படமும் தொலைக்காட்சிக் கதையும் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியனவோ எனச் சிலர் ஐயுறலாம். உரையாடலால் மாந்தர் உள்ளத்தைப் புலப்படுத்தும் எதுவும் நம் ஆராய்ச்சிக்குப் புறம்பாகாது என்க.

ஜீன் ராடன்பெரி என்பாரால் தோற்றுவிக்கப்பெற்று 1966-இல் தொடங்கிய இத்தொகுதியில், பல உலகங்கள் இணைந்த கூட்டமைப்பு ஒன்றும், 1967 முதல் அதற்கு மாற்றாராகக் காட்டப்பெறும் கிளிங்கான் பேரரசும் இடம்பெறுகின்றன. இப்பகைமை அமெரிக்காவுக்கும் சோவியத்து ஒன்றியத்துக்கும் இடையே நிலவிய பனிப்போரின் நிழல் என்பது ஆய்வாளர் பலரும் உடன்பட்ட கருத்தாகும். நிக்கோலஸ் மேயர் இயக்கி 1991 டிசம்பரில் வெளிவந்த ஆறாவது திரைப்படத்தில் இந்நிழல் மிகத் தெளிவாக விழுகின்றது. கிளிங்கானியரின் துணைக்கோள் ஒன்று வெடித்துச் சிதற, அவர்தம் தலைவராகிய கோர்க்கன் அமைதி நாடி வருகின்றார். வரும் வழியில் கொல்லப்படுகின்றார். அவரைக் காப்பாற்ற முயன்ற கலத்தலைவர் கிர்க்கும் மருத்துவர் மக்காயும் கொலையாளர் எனச் சிறைப்படுத்தப்பட்டுக் கிளிங்கான் மன்றத்தில் நிறுத்தப்படுகின்றனர்.

மேற்செல்லுமுன் நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது நம் இலக்கண நூலிலேயே உளது. பவணந்தியார் நன்னூலில் வினாவினை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தார். விடை தெரிந்தும் வினவுவது அறிவினா. தெரியாது வினவுவது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணிவின்றி வினவுவது ஐயவினா. ஆசிரியன் மாணவனை வினவுமிடத்து அறிவினா பொருந்தும். கொலையை ஆராய்வானுக்கு உரியன அறியாவினாவும் ஐயவினாவுமே. அவன் அறிவினாவை எடுத்து, அதற்கு ஐயவினாவின் உடையை உடுத்துவானாயின், அது வினவல் அன்று. தீர்ப்பினை வினா வடிவில் கூறுதலேயாம்.

கிளிங்கான் மன்றத்தில் நாம் காண்பது இதுவே. குற்றஞ்சாட்டும் தளபதி சாங் என்பான் கொலைச் சதியில் தானும் பங்குடையவன். ஆதலின் அவன் வினாக்கள் அனைத்தும் சொல்லின் முழுப்பொருளில் அறிவினாக்கள். கலத்தினர் செயலுக்குக் கலத்தலைவனே பொறுப்பாவானோ என வினவுகின்றான். கிர்க் ஆம் என்கின்றார். மேலும், கிர்க் தனிமையிற் பதிந்த நாட்குறிப்பு அவர்தம் குரலிலேயே மன்றத்தில் ஒலிக்கின்றது. தம் மகனைக் கிளிங்கானியர் கொன்றதை மன்னிக்க இயலாது என்பது அதன் கருத்து. இவை நின் சொற்களோ என்னும் வினாவிற்கும் உடன்பாட்டு விடையே தருகின்றார். கூறிய விடை ஒவ்வொன்றும் உண்மை. அவற்றைக் கூட்டிப் பெற்ற முடிபு மட்டும் பொய். உண்மை விடைகளைக் கொண்டே பொய்யை நிறுவ இயலும் என்பதனை இக்காட்சி போல விளக்குவன சிலவே.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. மொழிபெயர்ப்பிற்குக் காத்திராது உடனே விடை கூறுமாறு சாங் அதட்டுகின்றான். இது கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. 1962 அக்டோபர் 25 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில், கியூபாவில் ஏவுகணைகள் உளவோ என அமெரிக்கப் பேராளர் அட்லாய் ஸ்டீவன்சன் சோவியத்துப் பேராளர் சோரினை இவ்வாறே வினவினார். தாம் அமெரிக்க நீதிமன்றத்தில் நிற்கவில்லை எனச் சோரின் மறுத்தார். வரலாற்றில் அமெரிக்கர் கூறியதனைப் படத்தில் மாற்றான் வாயில் வைத்தமையால், அவ்வினாவின் முன் நிற்பவன் நிலை எத்தகையது என்பதனை அமெரிக்க அவையினரே உணரும்படி ஆயிற்று.

இதற்கு மறுதலையாகக் கலத்தில் எஞ்சிய ஸ்பாக் பொருள்களை வினவுகின்றார். கொலையாளர் காந்தக் காலணி அணிந்திருந்தனர் என உய்த்துணர்ந்து தேட, ஒருவனது பெட்டியில் அவை கிடைக்கின்றன. அவன் பாதங்களோ அவற்றுட் புகா வடிவின. குற்றத்தை வேறொருவன்மேல் ஏற்ற முயன்றமை இதனால் வெளிப்படுகின்றது. ஆயினும், சதிக்கு உடந்தையான வலேரிசின் உள்ளத்துள் அவள் இசைவின்றி ஸ்பாக் புகுமிடத்து நம் மனம் கூசுகின்றது. சதிகாரர் பெயர்கள் கிடைக்கின்றன. அமைதி மாநாடு நடைபெறும் இடம் கிடைத்திலது, அவளே அதனை அறியாமையின். வன்முறை வினவலின் எல்லை இஃதென்று கதை காட்டுகின்றது.

இரண்டாவது கதை 1993-இல் ஒளிபரப்பாகிய ‘அகீல்’ என்பது. இதில் வினவுவார் கூட்டமைப்பினர், வினவப்படுவார் கிளிங்கானியர். எல்லைப்புறச் செய்தி நிலையம் ஒன்றில் பணியாற்றிய இருவரையும் காணவில்லை; தரையில் உயிர்ப்பொருளின் எச்சம் கிடக்கின்றது. அகீல் என்னும் பெண் அலுவலரின் நாட்குறிப்புகளில், மோராக் என்னும் கிளிங்கான் படைத்தலைவன் அச்சுறுத்தியமை காணப்படுகின்றது. கலத்தலைவர் பிக்கார்ட் அவனை வினவ முற்படுகின்றார். அவன்மேல் அவருக்கு ஆணை செல்லாது. ஆளுநர் டோராக்கின் இசைவு வேண்டும். முன்னர்க் கிளிங்கான் தலைமைக்கு உரியாரைத் தேர்ந்த நடுவர் தாம் என்பதனையும், அத்தலைவரையே நேரில் அணுகக் கூடும் என்பதனையும் உணர்த்திய பின்னரே இசைவு கிடைக்கின்றது. ஆயத்தம் யாவும் முடிந்த நிலையில் டோராக் அழைத்து வந்து நிறுத்துவது யாரை? கொலையுண்டதாகக் கருதப்பட்ட அகீலையே!

‘அகீலைக் கொன்றவன் நீயோ?’ என்னும் வினாவில் அவள் இறந்தாள் என்பது வினவாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபாகும். வினாவின் அடித்தளமே பிழையாயின் விடை எதுவாயினும் பயனின்று. பின்னர் மோராக்கை வினவியபொழுது, தான் நிலையத்திற்கு வந்ததும் கூட்டமைப்பின் மறைச்செய்திகளைக் கவர்ந்ததும் உண்மை என ஒப்புகின்றான். நன்னூலார் கூறிய எட்டு விடைகளுள் இஃது இனமொழி விடையை ஒக்கும். ஆடுவாயோ என்றார்க்குப் பாடுவேன் என்பது போல, கொன்றாயோ என்றார்க்குக் கவர்ந்தேன் என்றவாறு. தன் சிறுகுற்றத்தைக் கூறிப் பெருங்குற்றத்தை மறுக்கும் இவ்விடையைக் கேட்கச் செவி வேண்டும். பகைவன் பொய்யன் என முன்னரே துணிந்தார்க்கு அது புலப்படாது. உண்மையிற் கொன்றது இரு நாட்டினருள் எவரும் அல்லர். பிற உயிரை விழுங்கி அதன் உருவத்தை மேற்கொள்ளும் ஓர் உயிரியே அது.

இரு கதைகளிலும் நாட்குறிப்பே சான்றாக வருதல் எண்ணத்தக்கது. தனக்குத்தானே பேசுவான் சினத்தையும் அச்சத்தையும் அளவின்றிப் பேசுவான். அச்சொற்கள் உள்ளத்தின் நிலைக்குச் சான்றாகுமேயன்றிச் செயலுக்குச் சான்றாகா. கிர்க்கின் துயரம் கொலைக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. அகீலின் அச்சம் மோராக்கின் குற்றமாகக் கொள்ளப்பட்டது. எழுதியதனைப் படித்தோர் எழுதாததனையும் சேர்த்துப் படித்தனர். பனுவலை ஆராயும் நமக்கும் இப்பிழை புதிதன்று.

எனவே, மாற்றானை வினவப் புகுவான் செய்து கொள்ளவேண்டிய முதல் ஆயத்தம் சான்றுகளை அடுக்குதல் அன்று. தன் வினாவினுள் தான் முன்னரே வைத்துவிட்ட விடை யாது எனத் தேடி அதனைக் களைதலேயாம். சாங் அதனைக் களைய விரும்பினான் அல்லன். பிக்கார்டுக்கோ, இறந்தவள் உயிருடன் வந்து நின்று அதனைக் களைந்தாள். எல்லா வழக்கிலும் இறந்தார் மீண்டு வருதல் இல்லை. ஆதலின் அக்கடன் வினவுவான் மேலதே என்பது இதனாற் போதரும்.