உங்களுக்குத் தெரியுமா? சென்ரியின் டிரம்ஸ் அதிரடி

■ ஜப்பானிய ஜாஸ் ஃபியூஷனில் தனி முத்திரை பதித்த டிரம்ஸ் கலைஞர் சென்ரி கவாகுச்சி. 1997-இல் பிறந்த இவர், 5 வயதிலேயே டிரம்ஸ் குச்சிகளைக் கையில் எடுத்தவர்.

■ 8 வயதில் வாய்த்த குரு, கோஸோ சுகானுமா. ஒரு தாளவட்டத்துக்குள் அடிகளை அள்ளி இறைப்பதில் பேர்போனவர். அந்த வேகம் சிஷ்யையிடமும் அப்படியே இருக்கிறது.

■ பள்ளி மாணவியாக இவர் வாசித்த வீடியோக்கள் யூடியூப் வழியே நாடு கடந்து பரவின. முதல் ஆல்பமான 'ஆ லா மோட்' 2013-இல் வந்தபோது வயது 16. அடுத்த ஆண்டே 'புவெனா விஸ்டா' வெளியானது.

■ ஜாஸின் மனோதர்மமும் ராக் இசையின் மின்கருவிகளும் கலந்ததே ஃபியூஷன். 1960-களின் இறுதியில் மைல்ஸ் டேவிஸ் போன்றோர் அமெரிக்காவில் இதை வளர்த்தார்கள். ஜப்பானில் 1970-களின் பிற்பகுதியில் கஸியோபியா, டி-ஸ்கொயர் குழுக்கள் பிரபலமாக்கின.

■ கஸியோபியாவில் 2012-இல் இணைந்த கீபோர்டு கலைஞர் கியோமி ஓட்டகாவும் சென்ரியும் சேர்ந்த ஜோடிக் குழு 'கியோசென்'. இரண்டே பேர்தான், ஒலியோ முழு பேண்டுக்குச் சமம்!

■ புதிதாகக் கேட்பவர்கள் சென்ரியின் 'சைடர்' ஆல்பத்தில் தொடங்கலாம். கீபோர்டில் ஃபிலிப் செஸ், பாஸ் கிதாரில் அர்மான் சபால்-லெக்கோ. ஸ்னேர் டிரம்மில் ஓங்கி விழும் அடிகளுக்கு நடுவே மெல்லிய தட்டல்களையும் கவனியுங்கள். தாளத்துக்குத் துள்ளல் தருபவை அவைதான்.