விதைக்குக் காப்புரிமை உண்டா?

2019-இல் குஜராத் உழவர்கள் சிலர்மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. சிப்ஸுக்கென்று அது பதிவு செய்து வைத்திருந்த எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கை அனுமதியின்றிப் பயிரிட்டார்களாம். நான்கு பேரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மே மாதமே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'பேடன்ட் வழக்கு' என்றே பலரும் அதைப் பேசினார்கள். உண்மையில் அது காப்புரிமை வழக்கே அல்ல, பயிர் ரகப் பதிவு தொடர்பானது. சட்டம் வேறு, அலுவலகம் வேறு.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(ஜே)-யில் செடி, விலங்கு, விதை, ரகம் எதற்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. நுண்ணுயிரிக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது, அதுவும் பாதிதான். வயல் மண்ணில் கிடந்த பாக்டீரியாவை அப்படியே எடுத்துவந்தால் அது கண்டெடுத்த பொருள். 3(சி) அதை ஒதுக்கிவிடும். மரபணுவை மாற்றி அதற்குப் புதுத் திறன் ஏற்றினால் பேச்சு மாறும். தயாரிப்பு முறைக்கும் இடமுண்டு. உயிருள்ள கிருமி அடங்கிய கோழித் தடுப்பூசியின் தயாரிப்பு முறையைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தபோது, விளைபொருளில் உயிர் இருப்பது தடையாகாது என்று 2002-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது.

விதைக்குள் புகுத்திய செயற்கை மரபணு யாருடையது? பி.டி. பருத்தி வழக்கில் மான்சாண்டோ நிறுவனத்தின் காப்புரிமை செல்லாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம் (2018). மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, முழு விசாரணைக்கு அனுப்பியது. 2021-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அவர்களுக்கு நிம்மதி, நமக்குத்தான் விடை கிடைக்கவில்லை.

ஆய்வு மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இதழில் கட்டுரை வெளியிட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பார்கள். சில குறுகிய விலக்குகள் தவிர, வெளியான அன்றே புதுமை போயிற்று. முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். எழுத்தில் விளக்கிவிட முடியாத நுண்ணுயிரி என்றால், சண்டிகரிலோ புனேயிலோ உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற சேமிப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். நாட்டின் உயிரி வளத்தைப் பயன்படுத்தியிருந்தால், சென்னை தரமணியில் இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் அணுக வேண்டும். இந்தியர் காப்புரிமை கிடைக்குமுன் அங்கே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒப்புதலே தேவை.

உங்கள் ஊர் வழிவழியாய் அறிந்ததை வேறொருவர் தன் புத்தாக்கமாகக் காட்டினால் என்ன செய்வது? விண்ணப்பம் வெளியானபின், காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். ஏட்டில் இல்லாத வாய்வழி அறிவும் செல்லுபடியாகும் காரணமே. உயிரிப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தாலும் எதிர்க்கலாம். வழங்கியபிறகு ஓராண்டு அவகாசம் உண்டு, ஆனால் அப்போது தொடர்புடையவர் மட்டுமே கேட்க முடியும்.

உழவருக்கு 2001-ஆம் ஆண்டின் தாவர ரகச் சட்டம், பிரிவு 39 துணை நிற்கிறது. பதிவான ரகத்தின் விதையைக்கூடச் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். பெயர் பொறித்த பொட்டலத்தில் அடைத்து விற்பது மட்டும் கூடாது. பதிவான ரகம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் இழப்பீடு கோரவும் வழியுண்டு. அதற்கு விதைப் பையும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். விதைத்த அன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள்.