இறந்தவரின் இலத்திரனியல் கணக்குகள்

ஒருவர் இறந்தால் அவரது காணி, நகை என்பன யாருக்குச் சேரும் என்பது எமக்குத் தெரியும். மின்னஞ்சலும் முகநூலும் என்னாகும்? மாணவர்கள் பெரும்பாலும் வெறுமனே விட்டுவிடும் வினா இது.

புங்குடுதீவையே எடுத்துக்கொள்வோம். 1991 இல் ஊரவர் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து எனப் பரந்துள்ளனர். காணி உறுதியின் பிரதியும் பழைய வீட்டின் படமும் இன்று ஊரிலிருக்கும் தகப்பனாரின் கைத்தொலைபேசியிலோ ஜிமெயிலிலோ இருக்கக்கூடும். பயன்படுத்தாத வட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாட்களில் நீக்கப்படும். அதாவது, அந்தியேட்டி முடிந்து மூன்று மாதமளவில். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை அழிக்கலாம் எனக் கூகிள் 2023 இல் அறிவித்தது.

ரொறன்ரோவிலுள்ள மகளுக்குக் கடவுச்சொல் தெரிந்தாலும் போதாது. இருபடிச் சரிபார்ப்பு உள்ள கணக்காயின் குறியீட்டு எண் தகப்பனாரின் தொலைபேசிக்கே வரும். வீட்டார் அந்தச் சிம் அட்டையைக் கைவிட்டிருந்தால் வழி அடைபடும். ஆகவே சிம் அட்டையைச் சில மாதங்கள் பேண வேண்டும்.

உயிருடன் இருக்கும்போதே செய்யக்கூடிய ஏற்பாடுகள் உள்ளன. கூகிளில் 2013 முதல் 'செயற்படாக் கணக்கு முகாமை' உண்டு. 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் பின்னர் தரவுகளைப் பெறவேண்டியோராக 10 பேர் வரை குறிப்பிடலாம். முகநூலில் 2015 முதல் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்கலாம். அவர் முகப்புப் படத்தை மாற்றலாம். அந்தரங்கச் செய்திகளை வாசிக்க முடியாது. (பரீட்சையில் இவ்வேறுபாட்டைக் குறிப்பிடுவது நன்று.) அப்பிள் 2021 இல் கொண்டுவந்த முறையில் அணுகல் குறியீட்டுடன் மரணச் சான்றிதழும் தேவை.

கைத்தொலைபேசியில் குரலாகப் பதிந்ததை மரணசாசனம் எனக் கொள்ள முடியாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, அது எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிலோ, நொத்தாரிசு இன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிடப்பட வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் மரணசாசனத்தை விலக்கியே வைத்துள்ளது.

கடவுச்சொற்களை மரணசாசனத்தில் எழுதுவது தவறு. அது நீதிமன்றக் கோவையில் சேரும். கணக்குகளின் பட்டியலைத் தாளில் எழுதி, உறுதி வைத்திருக்கும் பெட்டியில் வைப்பதே எளிது. வங்கிக் கணக்கு வேறு விடயம்: இரகசிய இலக்கத்தைக் கொடாது பின்னுரித்தாளியை நியமிக்க வேண்டும்.

பயிற்சி வினா: வெளிநாட்டில் வாழும் மகள், ஊரில் இறந்த தந்தையின் மின்னஞ்சலைத் திறப்பதில் எதிர்நோக்கும் இரு தடைகளைக் காரணத்துடன் விளக்குக.