காசநோய் என்று எழுதப்படும் கல்தூசு

கல் சுரங்கத்தில் பல்லாண்டுகள் உழைத்த ஒருவர் இருமலும் மூச்சிரைப்புமாக மருத்துவமனைக்கு வருகிறார். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இரண்டு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் சிறுசிறு வெண்புள்ளிகள். சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை; ஆயினும் சீட்டில் காசநோய் என்றே எழுதப்படுகிறது. ஆறு மாதம் மாத்திரை. இருமல் நிற்பதில்லை, மீண்டும் மாத்திரை. ராஜஸ்தானில் ஜோத்பூர், கரௌலி, தோல்பூர் முதலிய மணற்கல் மாவட்டங்களுக்கு இது பழகிப்போன கதை. அங்கே கல்லைத் துளைப்போரும் உடைப்போரும் பெரும்பாலும் தலித்துகள், பழங்குடியினர். அவர்களைக் கொல்லும் நோயின் பெயர் சிலிகோசிஸ். ஒரே படத்தில் இரண்டு நோய்கள் எப்படிக் குழம்புகின்றன, அந்தக் குழப்பத்தால் யார் தப்பித்துக்கொள்கிறார்கள் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழற்படம். கதிர்கள் காற்றை எளிதில் கடப்பதால் நுரையீரல் கறுப்பாகவும், எலும்பு அவற்றைத் தடுப்பதால் வெண்மையாகவும் பதிவாகின்றன. கல்லைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூசில், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியவை. அவற்றை விழுங்கும் தற்காப்பு அணுக்கள் மடிகின்றன. அவ்விடத்தில் தழும்பு உருவாகிறது. படத்தில் நாம் காணும் வெண்புள்ளி தூசு அன்று, தழும்பு. காசநோயும் நுரையீரலின் மேற்பகுதியைத்தான் பெரிதும் தாக்குகிறது. அதுவும் தழும்பையே விட்டுச்செல்கிறது. குழப்பம் இங்கே தொடங்குகிறது.

பயிற்சி பெற்ற கண்ணுக்கு வேறுபாடுகள் உண்டு. சிலிகோசிஸின் புள்ளிகள் பெரும்பாலும் உருண்டையாக, இருபுறமும் ஏறத்தாழ ஒத்து அமைகின்றன. காசநோய் பெரும்பாலும் ஒருபுறம் மிகுந்தும் குழிகளுடனும் காணப்படும். ஆனால் இந்த விதிகளுக்கு விலக்குகள் ஏராளம். போதாக்குறைக்கு, சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆகவே ‘இது சிலிகோசிஸ்தான்’ என்று யாரும் காசநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

தூசு நோய்களைப் படத்தில் அளப்பதற்கென்றே சர்வதேச தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) ஒரு வகைப்பாட்டை வைத்திருக்கிறது. நோயாளியின் படத்தை மாதிரிப் படங்களுக்கு அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். 1.5 மில்லிமீட்டர் வரையுள்ள உருண்டைப் புள்ளிக்கு ‘பி’, 3 வரை ‘க்யூ’, 10 வரை ‘ஆர்’ என்று பெயர். புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பது 0 முதல் 3 வரை நான்கு பிரிவுகளாகவும், ஒவ்வொன்றும் மும்மூன்றாகவும், ஆக 12 படிகளில் குறிக்கப்படுகிறது. 2011 திருத்தம் டிஜிட்டல் படங்களையும் இதில் சேர்த்தது. ஒன்றரை மில்லிமீட்டர் புள்ளியை எண்ணி முடிவெடுக்கும் இந்த வேலையை, பிலிமை ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்த வகைப்பாடு படத்தில் உள்ளதை வர்ணிக்கிறது. நோயின் காரணத்தை அது சொல்வதில்லை. காரணத்தைச் சொல்வது தொழில் வரலாறு. என்ன வேலை, எத்தனை ஆண்டு, உலர்ந்த கல்லிலா, நீர் தெளித்தா என்ற கேள்விகள் கேட்கப்படாவிட்டால் தேர்ந்த கதிரியல் மருத்துவரும் தடுமாறுவார். நம் நாட்டில் அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுவதில்லை? காசநோய் என்றால் அது ஏழையின் வீட்டிலிருந்து, அவனுடைய குடியிலிருந்தும் பீடியிலிருந்தும் வந்த நோய் ஆகிவிடுகிறது. சிலிகோசிஸ் என்றால் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார்.

சட்டம் இதை நெடுங்காலமாக அறியும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிகோசிஸைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டமும் 1952 சுரங்கச் சட்டமும் அதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கின. குஜராத்தின் கோத்ராப் பகுதியில் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து மடிந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன ஆதிவாசிகள் அவர்கள். ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது: சான்று பெற்றவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சம்பளச் சீட்டோ வேலை அட்டையோ இல்லாத தொழிலாளிக்கு அந்தச் சான்றுக்கான முக்கிய ஆதாரம் அவருடைய எக்ஸ்ரேதான்.

இப்போது கணினியும் படம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் காசநோயைக் கண்டறிய மென்பொருள் உதவியுடன் எக்ஸ்ரே வாசிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மருத்துவரே இல்லாத ஊருக்கு இது உதவி என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் காசநோயைத் தேடப் பழக்கப்பட்ட மென்பொருள் காசநோயைத்தான் தேடும். சுரங்கத் தொழிலாளியின் தழும்புகளைக் கண்டு அது உயர்ந்த மதிப்பெண் தந்தால், பழைய தவறு விரைவாகவும் பெரிய அளவிலும் நடக்கும்.

களத்தில் இருக்கும் தோழர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. எக்ஸ்ரேக்கு அனுப்பும் சீட்டில் ‘கல் துளைக்கும் வேலை, இத்தனை ஆண்டு’ என்று மருத்துவரை எழுதச் சொல்ல வேண்டும். அறிக்கையோடு பிலிமையும், முடிந்தால் டிஜிட்டல் கோப்பையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பிறகே, சில வேளை வேலையை விட்ட பிறகும் படத்தில் தெரியும் என்பதால், ‘ஒன்றுமில்லை’ என்று வந்த பழைய படத்தையும் எறியக் கூடாது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால்தான் நோய் வளர்ந்தது தெரியும்.