பிள்ளையில்லாக் குடி

மணமில்லை, மகப்பேறில்லை என்று உறுதி பூண்ட ஒரு சமயக் கூட்டம் எத்தனை காலம் நிலைக்கும்? ஒரு தலைமுறைதான் என்று எண்ணியிருந்தேன். அமெரிக்க ஷேக்கர்களின் வரலாறு வேறு விடை தருகிறது.

மான்செஸ்டர் நகரத்து ஏழைத் தொழிலாளி ஆன் லீ. பெற்ற மக்கள் நால்வரையும் மழலையிலேயே பறிகொடுத்தவர். மணவாழ்வைத் துறப்பதே தூய்மை என்று தெளிந்தார். 1774-இல் எட்டுப் பேருடன் கடல் கடந்தார். 1776-இல் ஆல்பனி நகரை அடுத்த நிஸ்காயூனாவில் சதுப்பு நிலத்தைத் திருத்திக் குடியேறினர். வழிபாட்டில் மெய்ந்நடுங்கி ஆடியதால் ‘ஷேக்கர்’, அதாவது நடுங்குவோர், என்று பெயர் பெற்றனர். போர்க்காலத்தில் படைக்கலம் ஏந்த மறுத்தனர். 1780-இல் அன்னை சிறை புகுந்தார். 1784-இல் மறைந்தார்.

அதன் பின்னரே குடி தழைத்தது! உடைமை பொது, ஆணும் பெண்ணும் நிகர். விதைகளைப் பொட்டலம் கட்டி விற்றனர், துடைப்பம் செய்தனர். ஆதரவற்ற சிறுவரை வளர்த்தனர்; வளர்ந்தபின் தங்குவதும் போவதும் அவரவர் விருப்பம்.

பிறப்பால் பெருகாத கூட்டம் வரவால் மட்டுமே வாழும், எளிய கணக்குத்தான். ஆலைகள் பெருகி நகரங்கள் அழைத்தபோது வருவோர் குறைந்தனர். 1938-இல் அவ்வூர்க் குடியிருப்பு முடிவுற்றது. 1848-இல் எழுந்த வழிபாட்டு மனையும் அன்னையின் கல்லறையும் விமான நிலையத்தருகே இன்றும் உள்ளன. மேய்ன் மாநிலத்தில் மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் அந்நெறியைக் காத்து வருகின்றனர்.

வித்தால் அன்று, விருப்பால் வளர்ந்த குடி அது. விருப்பம் வற்றியதும் தேய்ந்தது. எந்தச் சங்கத்துக்கும் இதுவே நியதி அன்றோ!